கைகழுவிய தண்ணீருக்குப் பத்து நிமிஷம்

லஞ்சம் வாங்கிய கையைக் கழுவிய தண்ணீர் புட்டியில் வரும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. தடய அறிவியல் என்றதும் ஜனங்களுக்குப் பூதக்கண்ணாடி, ரத்தக்கறை, மோப்ப நாய் என்று ஏதேதோ நினைவுக்கு வந்துவிடுகிறது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இன்றுவரை என்னைப் பிரேதம் அறுக்கிறவன் என்றே நம்புகிறார். லிஃப்டில் என்னோடு ஏற நேர்ந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார் குரலைத் தாழ்த்தி, "சம்பளம் சரி, கிம்பளம் எப்படி?" என்று கேட்டார். "கிம்பளம் வாங்கினவங்க கைதான் எங்ககிட்ட வருது" என்றேன். கையையே வெட்டி அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அன்று அவர் காப்பியைத் தொடவில்லை. பெண்ணை மட்டும் எப்படியோ கொடுத்துவிட்டார்.

"ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகப் பிடிபட்டார்" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த ரசாயனத்தின் பெயர் பினாப்தலீன். 1871ல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மானியர் உண்டாக்கியது. வெள்ளைப் பொடி, நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. நோட்டைத் தொட்டவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் (அதாவது சலவைச் சோடாத் தண்ணீரில்) முக்கினால், தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். வலது கைக்கு ஒரு புட்டி, இடது கைக்கு ஒரு புட்டி. பணத்தைச் சட்டைப்பையில் போட்டிருந்தால் பையை வெளியே இழுத்து நனைத்து அதற்கும் ஒரு புட்டி. சாட்சிகள் முன்னிலையில் அரக்கு முத்திரை வைத்து, சீட்டு ஒட்டி, மகஜர் எழுதி, நீதிமன்றம் வழியாக எங்களிடம் அனுப்புவார்கள். இதே பினாப்தலீன் ஒரு காலத்தில் பேதி மருந்தாகவும் விற்றது. புற்றுநோய் வருமோ என்ற பயத்தில் 1999ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. வாங்கினவன் வயிற்றைக் கலக்குவது அந்தப் பொடியின் பிறவிக் குணம் போலிருக்கிறது.

இந்த உத்தியோகத்தில் ஒரு கெடுதல் உண்டு. அறிக்கையில் நாங்கள் "இருக்கிறது", "இல்லை" என்று அடித்துச் சொல்வதில்லை. "கண்டறியப்பட்டது", "கண்டறியப்படவில்லை" என்றுதான் எழுதுவோம். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் கூண்டில் நிற்கும்போது வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அரை நாள் ஆட்டிவைப்பார். வருஷக்கணக்கில் இப்படியே எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

"ஏங்க, ரசத்துல உப்பு போதுமா?"

"உப்பு கண்டறியப்பட்டது."

"போதுமா, போதாதா?"

"அளவுப் பரிசோதனை கோரப்படவில்லை."

புடவைக் கடைக்கு என்னை அழைத்துப்போவதை என் மனைவி எப்போதோ நிறுத்திவிட்டாள். "இது எனக்கு எடுப்பா இருக்கா?" என்று அவள் கேட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி வேண்டும் என்று சொன்னேனாம். அறிவியல்படி அதில் தவறே கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் தன் தங்கையோடுதான் போகிறாள்.

இப்படிப்பட்டவனுக்கு அகில இந்திய அளவில் ஒரு தடய அறிவியல் மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. கட்டுரைச் சுருக்கம் ஏற்கப்பட்டது, பத்து நிமிஷம் பேசலாம் என்று கடிதம். என் கட்டுரைத் தலைப்பைத் தமிழில் சொன்னால், "வெளுத்துப்போன கைக்கழுவல் கரைசல்களில் பினாப்தலீனைக் கண்டறிதல்".

வெளுப்பது எங்கள் தொழிலில் நிஜமான தலைவலி. பிடிபட்ட அன்று பளிச்சென்று இருந்த தண்ணீர், எங்கள் மேஜைக்கு வருவதற்குள் சில சமயம் பச்சைத்தண்ணீர் மாதிரி நிற்கும். புட்டி மூடி சரியில்லாமல் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து காரம் தணிந்தாலும் நிறம் போகும். காரம் அளவுக்கு மீறி இருந்தாலும் நாளடைவில் போகும். எதிர்த்தரப்பு வக்கீல் புட்டியைத் தூக்கிக் காட்டி, "கனம் நீதிபதி அவர்களே, இதில் சிவப்பு எங்கே?" என்பார். நிறம் போனாலும் பெரும்பாலும் பொருள் போவதில்லை. காரத்தைச் சரிசெய்து பார்க்கலாம். மென்படலப் பிரிகை என்று ஒரு முறை இருக்கிறது. நிறமாலைமானியில் 550 நானோமீட்டரை ஒட்டி அது தன் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் செய்து நாங்கள் "கண்டறியப்பட்டது" என்று எழுதினாலும் அதனால் மட்டும் யாரும் ஜெயிலுக்குப் போய்விட மாட்டார்கள். லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. ஆக, வழக்கு என்னும் பெரிய சமையலில் என் பங்கு பெருங்காயம் அளவுதான். அதற்குப் பத்து நிமிஷம் கொடுத்தது மாநாட்டுக்காரர்களின் பெருந்தன்மை.

ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. மனைவியும் மகனும் சோபாவில் உட்கார்ந்தார்கள்; ஓரத்தில் மாமியார் கண்ணை மூடியிருந்தார். பேசி முடித்ததும் மனைவி, "கடைசியா என்னதான் சொல்ல வர்றீங்க?" என்றாள்.

"புட்டியை இறுக்கி மூடி, சீக்கிரம் அனுப்பணும்."

"இதைச் சொல்லவா ரெண்டு ராத்திரி ரயில்ல போறீங்க? ஒரு போஸ்ட் கார்டு போட்டா போதாதா?"

தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த மாமியார் அப்போது கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "மாப்பிள்ளை, மஞ்சள் தொட்ட கையா இருந்தா? ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைச்சா சிவக்கிறதே. உங்க சோடாவும் அதே காரம்தானே? சாம்பார்ல கை வச்சுட்டு வந்த மனுஷன் பாவம், அவனும் லஞ்சம் வாங்கினவன்னு ஆயிடாதா?"

வக்கீல்கள் சட்டம் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. நான் குஷியாகிவிட்டேன். சமையலறைக்கு ஓடி ஒரு டம்ளரில் மஞ்சள், இன்னொன்றில் பையிலிருந்த பொடி, இரண்டிலும் சலவைச் சோடா. இரண்டும் சிவந்தன. மஞ்சளுடையது செங்கல் சாயல், மற்றது ரோஜா. "இப்ப பாருங்க" என்று இரண்டிலும் எலுமிச்சை பிழிந்தேன். மஞ்சள்தண்ணீர் பழையபடி மஞ்சளுக்கே திரும்பியது. பினாப்தலீன் தண்ணீரோ நிறமே இல்லாமல் தெளிந்தது. மகன் கைதட்டினான். மாமியார், "பேஷ்" என்றார். மனைவி, "எலுமிச்சம்பழம் இன்னிக்கு என்ன விலைன்னு தெரியுமா? அந்த டம்ளர்ல இனிமே யார் குடிக்கிறது?" என்றாள்.

அன்றிரவே மஞ்சளுக்கென்று தனியாகப் படங்கள் தயாரித்தேன். மாநாட்டில் இந்தக் கேள்வி வராமல் போகாது. மஞ்சள்பொடி தூவிக் கைரேகையை எடுக்கலாம் என்று 2011ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்த ஆராய்ச்சி வெகுகாலமாக நடந்துவருகிறது என்பதைச் சொல்லவில்லை.

ரயிலில் எதிர் பெர்த்தில் ஒரு பெரியவர். மோதிரங்கள், ஜிப்பா, நல்ல சுபாவம். என் உத்தியோகத்தைக் கேட்டறிந்ததும் தம் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"சார், மாட்டிக்காம இருக்க என்ன வழி?"

"வாங்காம இருக்கறதுதான்."

"அது தியரி. ப்ராக்டிகலா சொல்லுங்க."

பேனாவால் தள்ளினால்? கைக்குட்டை போட்டு எடுத்தால்? கையால் தொடாமல் மேஜை மேலேயே வைக்கச் சொன்னால்? டிராயரில் போடச் சொன்னால்? ஒவ்வொன்றாகக் கேட்டார். கைக்குட்டையை நனைப்பார்கள், டிராயரைத் துணியால் துடைத்து அந்தத் துணியை நனைப்பார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவருடைய முகத்தில் ஒரு வாழ்க்கையே மங்கிக்கொண்டு வந்தது. எந்த இலாகாவில் இருந்தார் என்று கேட்டேன். "ரிட்டயர்ட்" என்றார். அது இலாகாவின் பெயர் அல்ல. காலையில் தம் வீட்டு இட்லியில் எனக்கும் இரண்டு கொடுத்தார். யோசித்துத்தான் வாங்கினேன். மிளகாய்ப்பொடியால் ஏற்பட்டதைத் தவிர வேறு சிவப்பு எதுவும் கண்டறியப்படவில்லை.

மாநாட்டு வாசலில் கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தார்கள். அதில் என் அப்பாவின் பெயர் இருந்தது. பதிவுப் படிவத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், முதல் பெயர் கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும் என்ற சட்டம் வடக்கே இருக்கிறது. நான் நம் வழக்கப்படி அப்பாவை முன்னால் போட்டேன். அவர்கள் முன்னால் இருப்பவர்தான் ஆசாமி என்று முடிவுகட்டிவிட்டார்கள். என் அப்பா தொடக்கப் பள்ளி வாத்தியார். காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. மூன்று நாளும் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் என்னைவிட நன்றாகப் பேசியிருப்பார் என்பது வேறு விஷயம்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கு, பூங்கொத்து, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் முறைப்படி நடந்தன. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். இதற்கு ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். எங்கள் துறைக்கு இப்படி ஒரு மவுசு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்தச் சேதியை உடனே வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "சம்பளம் கூடுமா?" என்றாள் மனைவி. சட்டத்தில் அதைப் பற்றி எதுவும் கண்டறியப்படவில்லை.

பிறகு சிறப்புரைகள். யார் பேசினாலும் முதல் படத்தில் எட்மண்ட் லோகார்ட் வந்துவிடுவார். தொட்டவன் எதையாவது விட்டுப் போவான், எதையாவது எடுத்துப் போவான் என்பது அவர் கொள்கை. விட்டுப் போகிறார்களோ இல்லையோ, அந்தப் படத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துப் போயிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஓரத்திலிருந்த எழுத்துப்பிழை எல்லோருடையதிலும் அப்படியே இருந்தது. அந்த மனிதர் 1910ல் லியோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் பரணில் இரண்டு அறைகளை வாங்கிக்கொண்டு ஆய்வகம் ஆரம்பித்தவர். உலகத்து முதல் போலீஸ் ஆய்வகங்களில் ஒன்று பரணில் பிறந்தது என்று கேட்டபோது எனக்கு எங்கள் ஆய்வகத்தின் இட நெருக்கடி மீது புதிய மரியாதை வந்தது.

இந்தத் துறைக்குள்ளும் ஜாதி இருக்கிறது. மரபணுக்காரர்களுக்கு ஏசி போட்ட பெரிய அரங்கம். கணினிக் குற்றக்காரர்களுக்கு அதற்கு அடுத்தது. துப்பாக்கி, கையெழுத்து எல்லாம் நடுத்தர வர்க்கம். வேதியியல்காரர்களான எங்களைச் சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டிய அறையில், சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி அமர்வில் போட்டிருந்தார்கள். பனீர் வதங்கும் வாசனையில்தான் விஷங்களைப் பற்றிய கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் பேச வேண்டியவர்கள். மீதிப்பேர் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்க இடம் பிடித்தவர்கள்.

மேடை கிடைத்த தமிழன் தொன்மையைத் தொடாமல் இறங்கியதில்லை. என் முதல் படம் சரித்திரம். 1849லேயே சென்னை ராஜதானியில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது, பாஷாணம், ஊமத்தை, அபின் என்று இறந்தவர்கள் குடலில் விஷம் தேடியது, இந்தியாவில் அதுதான் முதல், கல்கத்தா 1853, ஆக்ரா 1864, பம்பாய் 1870 எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று கம்பீரமாக ஆரம்பித்தேன்.

வங்காளத்துப் பிரதிநிதி எழுந்துவிட்டார். உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு 1897ல் எங்கள் கல்கத்தாவில்தான் வந்தது என்றார். ரேகைகளை வகைப்படுத்தக் கணக்குப் போட்டவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் மட்டும் எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது என்று வருந்தினார். அவையும் சேர்ந்து உச்சுக்கொட்டியது. அந்த அநியாயத்துக்குப் பரிகாரம் போல என் பத்து நிமிஷத்தில் ஒரு கணிசமான பங்கை அவரே எடுத்துக்கொண்டார். உடனே ஹைதராபாத்காரர், மரபணு ரேகையில் லால்ஜி சிங்கை மறந்துவிடலாமா, கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அல்லவா 1988ல் மனிதனை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்தார் என்று எழுந்தார். நான் சும்மா இருப்பேனா? 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பெல்ட்டில் இருந்தது என்று எடுத்துச் சொன்ன எங்கள் தமிழ்நாட்டு சந்திரசேகரனைக் கொண்டுவந்து நிறுத்தினேன். குஜராத்காரர், தடய அறிவியலுக்கென்றே பல்கலைக்கழகம் வைத்திருப்பது யார் என்று கேட்டார். தேச ஒருமைப்பாடு இந்த அளவுக்கு வளர்ந்தபோது தலைவர் மணியை அடித்தார்.

என் கட்டுரை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"இன்னும் அரை நிமிஷம்" என்றார் தலைவர். "நிறம் போனாலும் பொருள் போகாது, புட்டியை இறுக்கி மூடுங்கள், சீக்கிரம் அனுப்புங்கள், நன்றி" என்று ஒரே மூச்சில் சொன்னேன். போஸ்ட் கார்டில் எழுதியிருந்தாலும் இதே நீளம்தான் வந்திருக்கும். வீட்டில் இதை நான் சொல்லவில்லை.

கேள்வி நேரம். கருவி விற்கும் கம்பெனிக்காரர், எங்கள் நிறமாலைமானி எத்தனை வருஷம் பழையது என்று கனிவோடு விசாரித்தார். ஒரு மாணவி, சான்றிதழ் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். மஞ்சளைப் பற்றி மூச்சு இல்லை. எல்லா முகத்தையும் ஆவலோடு பார்த்தேன். பொறுக்க முடியாமல், "யாராவது மஞ்சளைப் பற்றிக் கேட்கலாம்..." என்றேன்.

"யாரும் கேட்கவில்லையே" என்றார் தலைவர். அடுத்துப் பேச வேண்டியவர் ஏற்கெனவே தம் பென்டிரைவைச் செருகிவிட்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது அந்த வங்காளத்து நண்பர் பக்கத்துக் குழாயில் நின்றார். பருப்பு தெறித்து அவர் சட்டைக் கையில் கறை. நீலச் சோப்புக்கட்டியைப் போட்டுத் தேய்த்ததும் கறை பளீரென்று சிவந்தது. "அரே!" என்றார். தெய்வமே அனுப்பிய கறை. காய்கறித் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சைத் துண்டை எடுத்து வந்து அதன்மேல் பிழிந்தேன், மஞ்சளுக்குத் திரும்பியது. "இதுவே பினாப்தலீனாக இருந்தால் நிறமே இருக்காது" என்று ஆரம்பித்து, வீட்டில் ஒத்திகை பார்த்தது அத்தனையையும் சொல்லி முடித்தேன். அரங்கில் இருந்ததைவிட அதிகக் கூட்டம் குழாயடியில் சேர்ந்துவிட்டது. கைகழுவ வழியில்லாமல் நின்றவர்களும் அதில் உண்டு என்பதை நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். மரபணு அரங்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் போட்டோகூட எடுத்தார். அந்தப் போட்டோவில் என் முழங்கையும் எலுமிச்சையும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

ஊர் திரும்பிப் பயணப்படிக்கு எழுதிக்கொடுத்தேன். கணக்குப் பிரிவு இளைஞர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாநாட்டில் பங்கேற்று உரையாற்றினார்" என்று என் அப்பாவுக்கு வழங்கப்பட்டிருந்தது.

"சார், உங்க அப்பா போயிட்டு வந்ததுக்கு நாங்க எப்படிப் படி கொடுக்க முடியும்?"

"அவர் காலமாயிட்டாரே."

"அப்ப அதுவும் ஆடிட்ல கேப்பாங்க."

அடையாளம் நிரூபிப்பதே எங்கள் தொழில் என்று சொல்லிப் பார்த்தேன். கைரேகை, கையெழுத்து, வேண்டுமானால் மரபணு எதற்கும் நான் தயார் என்றேன். அதெல்லாம் வேண்டாம், சான்றிதழில் இருக்கிறவரும் நானும் ஒருவரே என்று இன்னோர் அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்தால் போதும் என்றார்.

போனேன். அங்கே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்றார். அப்புறம், தொண்டையைச் செருமி, "கொஞ்சம் கவனிச்சா இன்னிக்கே முடிச்சிடலாம்" என்றார். மனுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதையும் நிரப்பச் சொல்லித் தம் பேனாவையே கொடுத்தார். தொழில் என்று கேட்ட இடம். எழுதினேன்.

வாங்கிப் படித்தார். "தடய அறிவியலா? அங்க என்ன சார் பண்றீங்க?"

பொடி, சோடா, புட்டி, அரக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் பேசி யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. முடிப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. சான்றை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, அவர் பேனாவை நீட்டினேன்.

"கையில வேண்டாம் சார், மேஜை மேல வச்சுடுங்க" என்றார்.